கேட் தேர்வில் பெர்சன்டைல் குறைந்துவிட்டதா? எம்பிஏ கனவு அவ்வளவுதானா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிசம்பர் கடைசியில் கேட் ரிசல்ட் வருகிறது. ஸ்கோர் கார்டைத் திறந்து பார்த்தால் 99 இல்லை, 95-ம் இல்லை. 72 என்று இருக்கிறது. அந்த அதிர்ச்சியில் இருந்து மீள்வதற்குள்ளேயே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், உங்க ஸ்கோருக்கு பெங்களூருல நல்ல காலேஜ் இருக்கு. சீட் ரெண்டுதான் பாக்கி. இன்னைக்கே 50 ஆயிரம் கட்டினா பிளாக் பண்ணிடலாம், லோனும் நாங்களே ஏற்பாடு பண்றோம்."

எம்பிஏ நுழைவுத் தேர்வான 'காமன் அட்மிஷன் டெஸ்ட்', சுருக்கமாக கேட், எழுதும் பெரும்பாலானோருக்கு இந்த அனுபவம் உண்டு. குறைந்த ஸ்கோரை வைத்து எம்பிஏ சேரவே முடியாதா என்றால், நிச்சயம் முடியும். சீட் கிடைப்பது இங்கே பெரிய பிரச்னையே இல்லை. கிடைக்கிற சீட்டுக்குக் குடும்பம் கட்டப்போகிற பணம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. அதை நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரத்தில், ஸ்கோர் தந்த பதற்றத்தில் முடிவெடுக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த ஸ்கோர் குறைவு? பெர்சன்டைல் சொல்வது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெர்சன்டைல் என்பது மதிப்பெண் சதவீதம் அல்ல. தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதுதான் அது.

2024 நவம்பர் 24 அன்று ஐஐஎம் கொல்கத்தா நடத்திய கேட் தேர்வை சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அந்தக் கணக்கில் 99 பெர்சன்டைல் என்றால் முன்னால் சுமார் 2,900 பேர். 90 என்றால் சுமார் 29,000 பேர். 80 என்றால் ஏறத்தாழ 58,600 பேர். 60 என்றால் 1.17 லட்சம் பேர்.

பள்ளித் தேர்வில் 80 மார்க் என்றால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கேட்டில் 80 பெர்சன்டைல் வாங்கியவருக்கு ஐஐஎம் கதவு திறக்கவில்லை என்றால் பெற்றோருக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். பொதுப் பிரிவு மாணவர்களுக்குப் புதிய ஐஐஎம்களிலேயே 90-க்கு மேல் தேவைப்படுகிறது. அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா போன்ற பழைய ஐஐஎம்களுக்கு அது 99-ஐ ஒட்டிப் போய்விடும். ஐஐஎம்கள் வெளியிடும் 'குறைந்தபட்ச கட் ஆஃப்' 80, 85 என்று இருப்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. அது விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான எல்லை மட்டும்தான். இன்டர்வியூவுக்கு அழைக்கப்படுபவர்களின் ஸ்கோர் அதைவிட வெகுவாக மேலே இருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கேட்டில் ஆங்கிலம், டேட்டா மற்றும் லாஜிக், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மொத்தத்தில் 92 இருந்தும் கணிதத்தில் மட்டும் 60-க்குக் கீழே போனால், பகுதிவாரி கட் ஆஃப் வைத்திருக்கும் கல்லூரிகள் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும். எனவே மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தப் பகுதி கீழே இழுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதுவதா என்ற முடிவுக்கும் அது உதவும்.

ஸ்கோரை மட்டும்தான் பார்க்கிறார்களா?

இல்லை. நுழைவுத் தேர்வு முதல் வடிகட்டி. அதைத் தாண்டியவர்களுக்கு 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு, டிகிரி மதிப்பெண்கள், வேலை அனுபவம் எல்லாம் கணக்கில் வரும். ஐஐஎம் அகமதாபாத் இவற்றைச் சேர்த்து தனியாக ஒரு ரேட்டிங்கே போடுகிறது. பெண்களுக்கும், பொறியியல் அல்லாத படிப்பு முடித்தவர்களுக்கும் கூடுதல் புள்ளி தரும் கல்வி நிறுவனங்கள் உண்டு.

ஆக, பி.காம். முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்த, பள்ளியிலும் கல்லூரியிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவரின் 85 பெர்சன்டைலும், டிகிரி முடித்த கையோடு எழுதிய, சராசரி மதிப்பெண் கொண்ட ஒருவரின் 85 பெர்சன்டைலும் ஒரே மாதிரி எடை போடப்படுவதில்லை. எங்கே விண்ணப்பிப்பது என்று தேர்வு செய்யும்போது, அந்தக் கல்லூரி எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ் தருகிறது என்று அதன் சேர்க்கை விதிகளைப் படிப்பது அவசியம். பெரும்பாலான நல்ல கல்லூரிகள் இதை இணையதளத்திலேயே வெளியிடுகின்றன.

தமிழ்நாட்டு மாணவர்கள் கோட்டை விடும் சான்றிதழ்

ஐஐஎம்களில் எஸ்சி பிரிவுக்கு 15%, எஸ்டி பிரிவுக்கு 7.5%, கிரீமி லேயர் அல்லாத ஓபிசி பிரிவுக்கு 27%, பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10% வரை, மாற்றுத்திறனாளிகளுக்கு 5% என இடஒதுக்கீடு உண்டு. இந்தப் பிரிவுகளுக்கான கட் ஆஃப், பொதுப் பிரிவைவிடக் குறைவாக இருக்கும். 'குறைந்த ஸ்கோர்' என்று ஒருவர் நினைப்பது, அவரது பிரிவில் போதுமான ஸ்கோராக இருக்க வாய்ப்பு இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருப்பதால் 'அதுவே போதும்' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு அது செல்லாது. மத்திய ஓபிசி பட்டியலில் அந்தச் சமூகம் இருக்க வேண்டும். கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் பொதுப் பிரிவு என்று போட்டுவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார்கள். கேட் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, இ-சேவை மையம் வழியாக இந்தச் சான்றிதழை வாங்கி வைத்துவிடுவது நல்லது.

கேட் போனால் வேறு என்ன வழி?

கேட் மட்டுமே எம்பிஏவுக்கு வழி அல்ல. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒவ்வொரு குணம் இருக்கிறது.

எக்ஸாட்: ஜாம்ஷெட்பூரில் உள்ள எக்ஸ்எல்ஆர்ஐ நடத்துவது. வழக்கமாக ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் தனிப் பகுதி இதில் உண்டு. கணிதம் மட்டுமே பலவீனம் என்பவர்களுக்கு இது ஒரு மாற்று.

என்மேட்: நெகட்டிவ் மதிப்பெண் இல்லை. ஒரே சீசனில் மூன்று முறை வரை எழுதலாம். தேர்வு நாளில் பதற்றப்படுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஸ்னாப்: சிம்பயாசிஸ் பல்கலைக்கழக நிறுவனங்களுக்கானது. மூன்று முறை வரை எழுதி, சிறந்த ஸ்கோரை எடுத்துக்கொள்வார்கள்.

சிமேட், மேட்: சிமேட்டை தேசிய தேர்வு முகமை நடத்துகிறது. மேட் தேர்வு ஆண்டுக்குப் பல முறை நடக்கும். இவற்றை ஏற்கும் கல்லூரிகள் ஏராளம். அதனாலேயே இந்த ஸ்கோரை வைத்து விண்ணப்பிக்கும்போது கல்லூரியின் தரத்தைக் கூடுதலாக ஆராய வேண்டும்.

ஜிமேட்: கட்டணம் அதிகம். ஆனால் ஸ்கோர் ஐந்து ஆண்டுகள் செல்லும். கேட் ஸ்கோர் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே. இரண்டு ஆண்டு வேலை அனுபவத்துக்குப் பிறகு ஐஎஸ்பி ஹைதராபாத் போன்ற இடங்களுக்கோ, வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர்களுக்கு இது பொருத்தமானது.

டான்செட்டை ஏன் மறந்துவிடக் கூடாது?

கேட் ரிசல்ட்டில் மனம் உடைந்த பலர், சொந்த மாநிலத்தில் நடக்கும் தேர்வைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு 2025-ல் மார்ச் 22 அன்று நடந்தது. அதாவது, கேட் ரிசல்ட் வந்த பிறகும் தயாராக மூன்று மாதம் இருந்தது.

டான்செட் ஸ்கோரை வைத்து, கலந்தாய்வு மூலம் பல்கலைக்கழகத் துறைகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களில் சேரலாம். இங்கே மாநிலத்தின் 69% இடஒதுக்கீடு பொருந்தும். பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லும். அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் கட்டணம், தனியார் பிசினஸ் ஸ்கூல் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான்.

'ஐஐஎம் கிடைக்காவிட்டால் எந்த பிசினஸ் ஸ்கூலாக இருந்தாலும் பரவாயில்லை' என்று வெளி மாநிலத்தில் 12 லட்சம் ரூபாய் கட்டுவதற்கு முன், சில ஆயிரம் ரூபாய் முதல் சில பத்தாயிரம் வரை கட்டணம் உள்ள ஓர் அரசுக் கல்லூரியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். 12 லட்சம் கட்டினால் அதற்கேற்ற கூடுதல் சம்பளம் வருமா என்பதுதான் அந்த ஒப்பீட்டின் சாரம்.

போனில் வரும் சீட்... எப்படிச் சரிபார்ப்பது?

டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஐஐபிஎம் பலருக்கு நினைவிருக்கும். நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம், நாடு முழுக்க கிளைகள் என்று இயங்கியது. உரிய அங்கீகாரம் இல்லாத அந்த நிறுவனம், எம்பிஏ, பிபிஏ, பிசினஸ் ஸ்கூல் போன்ற சொற்களைப் பயன்படுத்தவே டெல்லி உயர் நீதிமன்றம் 2014-ல் தடை விதித்தது. அடுத்த ஆண்டே கிளைகளை மூடும் நிலை வந்தது. லட்சக்கணக்கில் கட்டிப் படித்தவர்களின் கையில் இருந்தது அங்கீகாரமில்லாத சான்றிதழ். விளம்பரத்தின் அளவுக்கும் கல்லூரியின் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

அதனால் பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்று, அங்கீகாரம். தனித்து இயங்கும் நிறுவனங்கள் எம்பிஏ பட்டம் தர முடியாது. பிஜிடிஎம் என்ற டிப்ளமோதான் தரலாம். அதற்கு ஏஐசிடிஇ அனுமதி வேண்டும். எம்பிஏ பட்டம் தருவது பல்கலைக்கழகம் என்றால், அது யுஜிசி பட்டியலில் இருக்க வேண்டும். பிஜிடிஎம் என்றாலே மட்டம் என்று நினைக்கத் தேவையில்லை. எக்ஸ்எல்ஆர்ஐ தருவதும் பிஜிடிஎம்தான். 2017-ம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வரும் வரை ஐஐஎம்களும் டிப்ளமோதான் கொடுத்துவந்தன. ஆனால் பின்னாளில் பிஎச்.டி.யோ அரசு வேலையோ யோசிப்பவர்கள், அந்த பிஜிடிஎம் எம்பிஏவுக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஏற்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு, மீடியன் சம்பளம். 'ஹையஸ்ட் பேக்கேஜ் 30 லட்சம்' என்று போஸ்டர் சொல்லும். பத்து பேரில் ஒருவருக்கு 30 லட்சம், மீதி ஒன்பது பேருக்கு 4 லட்சம் என்றால், சராசரி 6.6 லட்சம் என்று காட்டலாம். ஆனால் நடுவில் நிற்பவரின் சம்பளமான மீடியன் 4 லட்சம்தான். சேரப்போகிற மாணவருக்குக் கிடைக்க வாய்ப்புள்ள தொகை அதுதான். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் வேலைக்குச் சென்றார்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு என்ற விவரத்தைத் தர வேண்டும். இந்தத் தரவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போஸ்டரில் உள்ள எண்ணையும் அதில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்று, பழைய மாணவர்கள். கல்லூரி கொடுக்கும் போன் நம்பர்களை விட்டுவிட்டு, லிங்க்ட்இன் தளத்தில் அந்தக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று தேடலாம். 'மேனேஜ்மென்ட் ட்ரெய்னி' என்ற பெயரில் வீடு வீடாகப் போகும் விற்பனை வேலையா, அல்லது டிகிரி படித்தாலே கிடைத்திருக்கக்கூடிய வேலையா என்பது தெரிந்துவிடும்.

நான்கு, பணம் திரும்பப் பெறும் விதி. வகுப்பு தொடங்கும் முன் ஒருவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. விலகுவதற்கான கடைசித் தேதி ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கப்படும். அட்வான்ஸ் கட்டினால் கல்லூரியின் பெயரில், கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டி, ரசீது வாங்க வேண்டும். ஏஜென்ட்டின் கணக்குக்கு ஜிபே செய்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது.

கடன் கணக்கு: பேனாவும் பேப்பரும் போதும்

10 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 11% வட்டி, ஏழு ஆண்டுகளில் திருப்பிக் கட்டுவது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,100 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் சேரவில்லை. 15 லட்சம் என்றால் தவணை சுமார் 25,700 ரூபாய்.

ஆண்டுக்கு 5 லட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்தால், பிடித்தம் போக மாதம் 40,000 ரூபாய்க்குள்தான் கையில் வரும். வெளியூரில் வாடகை, சாப்பாடு போக 17,000 தவணை கட்டுவது கஷ்டம். 25,000 கட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். அப்போது தவணை யார் தலையில் விழும்? கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவோ அம்மாவோதான் கட்ட வேண்டும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் வீடு, நிலம் போன்ற ஈட்டையும் கேட்கும்.

இதிலேயே ஒரு துப்பும் இருக்கிறது. முன்னணிக் கல்வி நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வங்கிகள் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குக் குறைந்த வட்டியில், ஈடு இல்லாமலேயே பெரிய தொகை தருவார்கள். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் என்ஐஆர்எஃப் தரவரிசையை வைத்துத் தேர்வான கல்வி நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். ஏஜென்ட் சொல்லும் கல்லூரிக்கு, அருகில் உள்ள வங்கிக் கிளையில் போய் 'ஈடு இல்லாமல் கடன் தருவீர்களா' என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அங்கே படித்தவர்கள் கடனைத் திருப்பிக் கட்டுவார்களா என்பதில் வங்கிக்கே நம்பிக்கை இல்லை என்றால், குடும்பம் ஏன் வீட்டை அடமானம் வைக்க வேண்டும்?

ஒரு வருஷம் காத்திருக்கலாமா?

'ஒரு வருஷம் வேஸ்ட் ஆயிடுமே' என்பதுதான் வீடுகளில் கேட்கும் முதல் குரல். கேட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், உச்ச வரம்பு இல்லை. ஆனால் எல்லோருக்கும் மறு தேர்வு பலன் தராது.

நல்ல மாக் டெஸ்ட் ஸ்கோர் வந்துகொண்டிருந்து, தேர்வு நாளில் மட்டும் சறுக்கியவர்கள், அல்லது ஒரே ஒரு பகுதி மட்டும் கீழே இழுத்தவர்கள் மீண்டும் முயன்றால் முன்னேற வாய்ப்பு அதிகம். கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு, காலையும் வார இறுதியும் படிப்பது இன்னும் நல்லது. ஸ்கோர் உயராவிட்டாலும், ஓர் ஆண்டு வேலை அனுபவம் விண்ணப்பத்தில் சேர்ந்துவிடும். வீட்டில் சும்மா உட்கார்ந்து படித்த ஓர் ஆண்டை இன்டர்வியூவில் விளக்குவதுதான் கடினம்.

மூன்று முறை எழுதியும் ஸ்கோர் அதே இடத்தில் நின்றால், தேர்வை மாற்றலாம் அல்லது பாதையை மாற்றலாம். வேலையில் நான்கைந்து ஆண்டு வளர்ந்த பிறகு எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

'ஏன் ஸ்கோர் குறைவு?' என்று இன்டர்வியூவில் கேட்டால்?

கேட்பார்கள். 'உடம்பு சரியில்லை', 'சென்டர்ல கம்ப்யூட்டர் ஸ்லோ' என்ற பதில்களை இன்டர்வியூ குழுவினர் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். எந்தப் பகுதியில், ஏன் குறைந்தது என்பதை இரண்டு வரியில் ஒப்புக்கொண்டு, அந்தத் திறன் தன்னிடம் இருப்பதற்கு வேறு சான்றைக் காட்டுவதுதான் எடுபடும். கணிதத்தில் ஸ்கோர் குறைந்த ஒருவர், வேலையில் மாதாந்திர விற்பனைக் கணக்கை எக்ஸெல்லில் தானே தயாரித்ததை விளக்கினால், பேச்சு ஸ்கோரை விட்டு வேலைக்கு நகர்ந்துவிடும். எம்பிஏ எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருப்பவருக்கு, நாலு பெர்சன்டைல் குறைவது பெரிய தடையாக இருப்பதில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் இன்டர்வியூவுக்கு மட்டும் தேவைப்படுவதல்ல. போன் வரும்போதும் அதுதான் தேவை. என்ன வேலைக்காக எம்பிஏ படிக்கப்போகிறோம், அந்த வேலை இந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டால், 'சீட் ரெண்டுதான் பாக்கி' என்பவரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கட்ட வேண்டியதில்லை. நவம்பர் கடைசியில் இன்னொரு கேட் வரும். அடமானத்தில் போன வீடு அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.